ஹுன்னஸ்கிரிய ஏற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட ஒருவன் மோட்டார் சைக்கிள் இயந்திரத்தைப் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான் கற்றவை கலைப் பாடங்கள். திருகாணியை எந்தப் பக்கம் சுழற்றினால் இறுகும் என்பதைக்கூட ஒரு கணம் யோசித்தே சொல்லக்கூடியவன். ஆயினும், செய்தியாளனாக நான் பல ஆண்டுகள் பட்டும் கற்றுக்கொள்ளாத ஒரு பாடத்தைத் திகன நகரின் ஒரு சிறிய கராஜில் கற்றுக்கொண்டேன். அதனை எழுதி வைத்தாக வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் 1951 ஆம் ஆண்டின் பிரித்தானிய மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. 350 சி.சி., ஒற்றைச் சிலிண்டர். தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். எழுபது ஆண்டுகளைக் கடந்த ஓர் உதிரிப்பாகம் பழுதடைந்ததற்கு அதனைச் செய்தவர்மீது பழி சுமத்துவது நியாயமாகாது. மக்கள் இத்தகைய வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று அழைத்தாலும், 1946 இல் இங்கிலாந்தில் தோன்றிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கழகம் அச்சொல்லை 1930 ஆம் ஆண்டு முடிவதற்குள் செய்யப்பட்ட வண்டிகளுக்கே முதலில் உரித்தாக்கியது. அந்தக் கணக்கில் எங்களுடையது இளைய தலைமுறை.

அதன் நோய் இதுதான். காலையில் ஓர் உதையில் உயிர் பெறும். திகனயிலிருந்து மஹியங்கனை வீதியில் தெல்தெனியவைக் கடந்து ஹுன்னஸ்கிரிய ஏற்றத்தில் ஏறத் தொடங்கியதும், ஏறக்குறைய இருபத்தைந்து நிமிட ஓட்டத்தின் பின், விளக்கை அணைத்தாற்போல நின்றுவிடும். பத்து முறை உதைத்தாலும் அசையாது. வீதியோரக் கல்லில் அரை மணித்தியாலம் அமர்ந்திருந்தால், மீண்டும் ஓர் உதையில் எதுவுமே நடவாதது போலப் புறப்படும்.

மலைநாட்டுக்கு வந்த வழி

இத்தகைய வண்டிகள் கண்டி மலைகளுக்கு எப்படி வந்தன? பெருந்தோட்டங்களே முதற் காரணம். ஆயிரம் ஏக்கர் தேயிலையை நடந்தோ குதிரையிலோ சுற்றிவந்த ஆங்கிலேயத் துரைமாருக்கு, செங்குத்தான மண்பாதைகளில் ஏறக்கூடிய மோட்டார் சைக்கிள் பெரும் வசதியாக அமைந்தது. பெரியதுரைக்குக் கார், சின்னத்துரைக்கு மோட்டார் சைக்கிள் என்பது பல தோட்டங்களில் எழுதப்படாத சட்டம். நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934 இல் தொடங்கியதையும் இதனுடன் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம் யுத்தம். தென்கிழக்காசியக் கட்டளைப் பீடத்தின் தலைமையகத்தை மவுண்ட்பேட்டன் பிரபு 1944 ஏப்ரலில் பேராதனைக்குக் கொண்டுவந்தார். பர்மாவில் யப்பானியருக்கு எதிராக நடந்த போர் கண்டிக்கு அருகே ஒரு பூந்தோட்டத்திலிருந்து நடத்தப்பட்டது என்பது இன்று அங்கே ஓர்க்கிட் பார்க்கச் செல்லும் பலருக்குத் தெரியாது. பிரித்தானியப் படைகள் இருந்த இடமெல்லாம் கடிதம் சுமக்கும் மோட்டார் சைக்கிள்களும் இருந்தன. பி.எஸ்.ஏ. நிறுவனம் மட்டும் அந்தப் போருக்காக எம்20 என்னும் வகையில் ஏறக்குறைய 126,000 வண்டிகளைச் செய்து கொடுத்தது.

பி.எஸ்.ஏ. என்பது பர்மிங்காம் சிற்றாயுதக் கம்பனி என்பதன் சுருக்கம். 1861 இல் துப்பாக்கி செய்பவர்கள் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகளே அதன் சின்னம். 1940 நவம்பர் 19 இரவு ஜேர்மன் விமானங்கள் அதன் ஸ்மோல் ஹீத் தொழிற்சாலைமீது குண்டு வீசியபோது 53 தொழிலாளர் இறந்தனர். போர் முடிந்தபின், தோற்ற ஜேர்மனியிடமிருந்து இழப்பீடாகப் பெற்ற டி.கே.டபிள்யூ. வண்டியின் வரைபடத்தைக் கொண்டு அதே நிறுவனம் 1948 இல் ‘பாண்டம்’ என்னும் சிறிய வண்டியைச் சந்தைப்படுத்தியது. குண்டு வீசியவனின் வரைபடமே குண்டு விழுந்த தொழிற்சாலைக்குச் சோறு போட்டது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இக்கதையின் இன்னொரு கிளை நன்கு தெரிந்திருக்கும். றோயல் என்ஃபீல்ட் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து 1955 இல் என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. இங்கிலாந்தின் ரெடிச் நகரில் தாய் நிறுவனம் மறைந்தபின்னரும், ‘புல்லட்’ திருவொற்றியூரில் தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது.

எங்கள் வண்டி தோட்டத்து வழி வந்தது. 1972 இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975 இன் திருத்தச் சட்டமும் எஞ்சியிருந்த வெள்ளைக்காரத் துரைமாரைக் கப்பலேற்றின. போகிறவர்கள் கட்டிலையும் கண்ணாடி அலுமாரியையும் விற்றதுபோல மோட்டார் சைக்கிள்களையும் விற்றுவிட்டுப் போனார்கள். ஹுன்னஸ்கிரியவுக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியராக இருந்த என் தந்தையார், 1976 இல், கைமாறிக் கைமாறி வந்த இந்த வண்டியைத் தவணை முறையில் வாங்கினார். திங்கட்கிழமை காலையில் திகனயிலிருந்து ஏறுவார், வெள்ளிக்கிழமை பிற்பகலில் இறங்குவார். பாடசாலை விடுமுறைக் காலங்களில் பெற்றோல் தாங்கியின்மேல் என்னை அமர்த்திக்கொண்டு போவார்.

அந்தப் பயணங்களில் எனக்கு மறக்க முடியாதது தேநீர்க் கடை. ஹுன்னஸ்கிரிய ஏற்றம் தொடங்கிச் சிறிது தூரத்தில், வலப்புறம், தகரக் கூரை போட்ட ஒரு கடை. அப்பா ஒவ்வொரு முறையும் அங்கே நிறுத்துவார். தனக்கொரு பிளேன்டி, எனக்கொரு பணிஸ். அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் அமர்ந்திருப்பார். அப்பாவுக்குத் தேநீர் என்றால் உயிர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தவறான முடிவுகள்

அப்பா ஓய்வு பெற்றபின் வண்டி தார்ப்பாயின்கீழ் உறங்கியது. 2009 இல் அவர் காலமானார். 2021 இன் இறுதியில்தான் அதனை மீண்டும் ஓடவைக்கும் ஆசை எனக்கு வந்தது. நேரம் பார்த்து ஆசைப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு நாடே பெற்றோல் வரிசையில் நின்றது. 2022 ஜூலையில் கியூ.ஆர். குறியீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். அதை அன்றாட வண்டிக்கு ஊற்றுவதா, நினைவுச் சின்னத்துக்கு ஊற்றுவதா என்ற கேள்விக்கு ஒரு விடைதான் இருந்தது. ஆகவே 2023 இல்தான் அது வீதிக்கு வந்தது. வந்த மூன்றாவது வாரத்திலேயே ஏற்றத்தில் நின்றது.

முதலில் பெற்றோலைச் சந்தேகித்தோம். நெடுநாள் நின்ற வண்டி அல்லவா? பழைய பெற்றோல் உலர்ந்து பசையாகிக் கார்பரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அதைக் கழற்றிக் கழுவி ஊதிப் பூட்டினார். வண்டி அழகாக ஓடியது, இருபத்தைந்து நிமிடம். அடுத்தவர் பெற்றோல் தாங்கியின் மூடியைச் சந்தேகித்தார். அதிலுள்ள சிறு துவாரம் அடைபட்டால் உள்ளே காற்றுப் புகாது, பெற்றோல் இறங்காது, வண்டி நிற்கும். துவாரத்தை ஊசியால் குத்தித் திறந்தார். பலனில்லை. மூன்றாமவர் பிளக்கை மாற்றினார். நான்காமவர் வால்வு இடைவெளியைச் சரிசெய்தார். பணம் போனது பெரிதல்ல. ஒவ்வொருவரும் வண்டியைத் தம் கராஜில் ஸ்டார்ட் செய்து, காதைக் கூர்மையாக்கிக் கேட்டு, “ஒரு குறையும் இல்லை சேர்” என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை என்பதுதான் உண்மை.

கடைசியாக ஒரு நண்பர் திகனயிலுள்ள முதிய மெக்கானிக் ஒருவரிடம் போகச் சொன்னார். எழுபதைத் தாண்டியவர். 1960களில் கண்டி நகரின் ஒரு கராஜில் எடுபிடிப் பையனாகத் தொழிலுக்கு வந்தவர். ஊரில் எல்லோருக்கும் நானா. எனக்கும் அவ்வாறே.

திகன என்னும் ஊரைப் பற்றி இங்கு சிறிது சொல்ல வேண்டும். பிரித்தானிய உதவியுடன் விக்டோரியா அணைக்கட்டு எழுந்தபோது, வெளிநாட்டுப் பொறியியலாளர்கள் தங்குவதற்கான குடியிருப்பு இங்கேதான் அமைக்கப்பட்டது. 122 மீற்றர் உயரமான அவ்வணை 1985 ஏப்ரலில், பிரித்தானியப் பிரதமர் மார்கரட் தட்சர் வந்திருக்கத் திறந்துவைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் நீருக்கடியில் போனது. வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது மட்டும் அதன் எச்சங்கள் தலைகாட்டுகின்றன.

ஆனால் இன்று உலகத் தமிழர்களில் பெரும்பாலானோருக்குத் திகன என்றதும் நினைவுக்கு வருவது அணைக்கட்டல்ல. தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் இறந்ததை அடுத்து, 2018 மார்ச் 5 ஆம் திகதி இங்கு முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. எரிந்த வீடொன்றினுள் ஓர் இளைஞர் உயிரிழந்தார். ஊரடங்கு, மறுநாள் நாடெங்கும் அவசரகால நிலை, அதன்பின் சமூக ஊடகத் தடை என்று அடுக்கடுக்காக வந்தன. நானாவின் கராஜும் அன்று எரிந்தது. சுவரும் தரையும் மிஞ்சின. ஐம்பது ஆண்டுகளாக அவர் சேர்த்துவைத்திருந்த பிரித்தானிய வண்டிகளின் கைந்நூல்கள், பழைய உதிரிப்பாகங்கள், அளவுகள் குறித்த கொப்பிகள் யாவும் சாம்பல்.

சாம்பலைக் கிளறியபோது ஓர் ஆயுதம் கிடைத்ததாம். மக்னெற்றோவின் பற்சக்கரத்தை அதன் தண்டிலிருந்து இழுத்துக் கழற்றும் கருவி. 1970களில், இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலத்தில், லொறியொன்றின் அச்சிரும்பில் அவரே கடைந்து செய்தது. உருக்குக் கருவி எரியவில்லை. ஆனால் நெருப்பில் அதன் தோய்ச்சல் போய்விட்டது. அதைச் செந்தணலாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து மீண்டும் கடினமாக்கி வைத்திருக்கிறார். அதை எனக்குக் காட்டும்போது அவர் வேறெதுவும் சொல்லவில்லை.

சூட்டோடு சூடாக

நான் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் நானா அதை ஸ்டார்ட் செய்யவில்லை. முதலில் வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு, “இது மாஸ்டர்ட வண்டியல்லவா?” என்றார். ஆம் என்றேன். “எப்பிடி நிக்கிது? செத்துச் செத்து நிக்கிதா, டக்கெண்டு நிக்கிதா?”

இதுவே அவருடைய முதற் கேள்வி. இதில் ஒரு சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. பெற்றோல் வராமல் நிற்கும் இயந்திரம் மெல்ல மெல்லச் சோர்ந்து, இருமி, ஓரிரு முறை எழ முயன்று அடங்கும். மின்பொறி அற்று நிற்கும் இயந்திரம் பெரும்பாலும் விளக்கணைந்தாற்போல் நிற்கும். டக்கென்று நிற்கிறது என்றேன். அவர் தலையாட்டினார். ஆனால் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு பழைய பிளக், ஒரு திருப்புளி, ஒரு துண்டுத் துணி ஆகிய மூன்றையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எழுபது வயதைக் கடந்த அந்த மனிதர் என் பின்னால் ஏறி அமர்ந்தார்.

“எங்க நிக்கிதோ அங்க போவம். சூடா இருக்கிற நேரத்துல கேட்டாத்தான் தம்பி அது உண்மையச் சொல்லும். ஆறினதுக்குப் பொறகு எல்லாரும் நல்லவங்கதான்.”

வழமையான இடத்துக்குச் சற்று முன்பாகவே வண்டி நின்றது. இருவர் பாரம் அல்லவா? இறங்கிய நானா ஒரு நொடியும் வீணாக்கவில்லை. பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்தார். காற்று உறிஞ்சும் ஓசை எழவில்லை. எனவே மூடி குற்றவாளி அல்ல. கார்பரேட்டரின் மிதவை அறைமேல் உள்ள சிறு பொத்தானை அழுத்தினார். பெற்றோல் உடனே வழிந்தது. எனவே பெற்றோல் வந்துகொண்டுதான் இருக்கிறது. துணியைச் சுற்றிப் பிளக்கைக் கழற்றினார். அதன் முனை ஈரமாக இருந்தது. பெற்றோல் உள்ளே போயிருக்கிறது, எரியவில்லை. கொண்டுவந்த பிளக்கை வயரில் மாட்டி, சிலிண்டர் தலையில் படும்படி வைத்து, என்னை உதைக்கச் சொன்னார். நீல நிறத்தில் தடித்துப் பாய வேண்டிய பொறி, செம்மஞ்சள் நிற நூலாக ஒரு முறை தெரிந்தது, மறுமுறை தெரியவில்லை.

பிறகு மக்னெற்றோவின் மூடியைக் கழற்றி, தொடுமுனைகளைத் தன் நிழலில் மறைத்துக்கொண்டு மறுபடியும் உதைக்கச் சொன்னார். பிளக்கில் இல்லாத பொறி அங்கே இருந்தது. தொடுமுனைகளுக்கிடையே சீறிப் பாய்ந்தது. “கண்டென்சர்” என்றார். நின்றதிலிருந்து நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அவர் அதோடு விடவில்லை. அரை மணித்தியாலம் காத்திருந்து அதே சோதனையை மீண்டும் செய்துகாட்டினார். இப்போது பிளக்கில் கொழுத்த நீலப் பொறி, தொடுமுனைகளில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. வண்டியும் அதேதான், பிளக்கும் அதேதான். மாறியது சூடு மட்டுமே.

மக்னெற்றோ என்பது என்ன?

பற்றரியின் துணையின்றித் தானே மின்சாரம் பிறப்பித்துப் பொறி தரும் கருவி மக்னெற்றோ. காந்தத்தின் நடுவே ஒரு சுருள் சுழல்கிறது. தடித்த கம்பியில் சில சுற்றுகள், அதன்மேல் மயிரிழை போன்ற கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள். தடித்த சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் தொடுமுனைகள் சரியான கணத்தில் திறந்து அறுக்கின்றன. அந்த அறுப்பு எவ்வளவு கூர்மையாக நிகழ்கிறதோ அவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் மெல்லிய சுருளில் எழுந்து பிளக்கில் பாயும். அறுப்பைக் கூர்மையாக்குவது கண்டென்சர். உலோகத் தகடுகளுக்கிடையே காப்புத் தாள் வைத்த ஒரு சிறு பொட்டலம். திறக்கும் தொடுமுனைகளைத் தாண்டிக் குதிக்க முயலும் மின்சாரத்தை அது ஒரு கணம் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. காப்பு முதுமையடைந்தால் சூட்டில் கசியத் தொடங்கும். அப்போது மின்சாரம் தொடுமுனைகளிலேயே பொறியாகச் சிந்திவிடும். பிளக்குக்கு எதுவும் மிஞ்சாது. ஆறினால் கசிவு அடங்கும். குளிர்ந்த இயந்திரத்தைச் சோதித்த நால்வருக்கும் அது அகப்படாததன் காரணம் இதுவே.

உயர் அழுத்த மக்னெற்றோவை 1902 இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனத்தில் கொட்லொப் ஹொனோல்ட் என்னும் பொறியியலாளர் உருவாக்கினார். 1914 இல் போர் மூண்டபோது பிரித்தானியா தன் மக்னெற்றோக்களில் மிகப் பெரும் பகுதிக்குப் பகை நாட்டையே நம்பியிருந்தது. விமானங்கள், லொறிகள், மோட்டார் சைக்கிள்கள் யாவும் ஜேர்மன் பொறியில் ஓடிக்கொண்டிருந்தன. அதே ஆண்டில் பர்மிங்காமின் லூக்காஸ் நிறுவனம், மக்னெற்றோ செய்துவந்த தொம்சன்–பென்னற் என்னும் சிறிய நிறுவனத்தை வாங்கியது. போர்க் காலத் தேவையால் வளர்ந்த அந்தத் தொழில் பின்னர் பல தசாப்தங்கள் பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களுக்குப் பொறி வழங்கியது. சமாதான காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. சூடு ஏறியபோதுதான் குறை வெளிப்பட்டது.

அந்தப் பெரும் தொழில் மறைந்த கதையும் இதற்கு ஒத்ததே. 1959 இல் ஹொண்டா நிறுவனத்தினர் முதன்முறையாக மான் தீவுப் போட்டிக்கு வந்தபோது அதனைப் பிரித்தானியாவில் பலர் பொருட்படுத்தவில்லை. 1960களின் பிற்பகுதியில் பி.எஸ்.ஏ. ஏற்றுமதிக்காக மகாராணியின் விருதையும் பெற்றது. கணக்கேடுகளில் ஒரு குறையும் இல்லை. 1969 இல் நான்கு சிலிண்டர்கள் கொண்ட ஹொண்டா சி.பி.750 சந்தைக்கு வந்தது. 1973 இல் பி.எஸ்.ஏ. தனி நிறுவனமாக இல்லாமற் போயிற்று.

நானாவின் பிழை

கண்டென்சர் இருப்பது சுழலும் சுருளின் உள்ளே. அதனை மாற்ற மக்னெற்றோவை முழுதாகக் கழற்ற வேண்டும். நெருப்பிலிருந்து மீண்ட அந்தக் கருவியைக் கொண்டு நானா பற்சக்கரத்தை இழுத்தெடுத்தார். கண்டி நகரில் வானொலி திருத்தும் கடையொன்றில் ஏற்ற அளவும் தாங்குதிறனும் கொண்ட புதிய கண்டென்சரைத் தேடிப் பிடித்துப் பொருத்தினார். எழுபதுகளில், வெளிநாட்டுப் பாகம் எதுவும் வராத காலத்தில், இவ்வாறு செய்து பழகியதாகச் சொன்னார். பூட்டுவதற்கு முன் மக்னெற்றோவை ஒரு மின்குமிழின்கீழ் வைத்துச் சூடேற்றிக் கையால் சுழற்றிப் பார்த்தார். பொறி குறையவில்லை. பின்னர் பொறி பாயும் கணத்தை நிர்ணயிக்கும் வேலை. தொடுமுனைகளுக்கிடையே சிகரெட் தாளொன்றைச் செருகி, மெல்ல இழுத்தபடி இயந்திரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பினார். தாள் எந்தக் கணத்தில் பிடி தளர்ந்து நழுவுகிறதோ அதுவே தொடுமுனைகள் திறக்கும் கணம்.

வேலை முடிந்து கை கழுவும்போதுதான் அவர் அதைச் சொன்னார்.

“இந்த வண்டிய மாஸ்டர் என்கிட்ட ரெண்டு தரம் கொண்டு வந்திருக்காரு. எண்பத்திரெண்டோ மூணோ. ஏத்தத்துல நிக்கிதெண்டாரு. நான் இங்க வச்சு ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். ஒண்டும் இல்ல மாஸ்டர், நல்லா இருக்கெண்டு சொல்லி அனுப்பிட்டேன். ரெண்டாந்தரமும் அதையேதான் சொன்னேன். மூணாந்தரம் அவர் வரல்ல. அவரோட ஒரு தரம் மேல போயிருக்கணும். போகல்ல.”

நான் சிறிது நேரம் பேசவில்லை. தகரக் கூரைத் தேநீர்க் கடை என் கண்முன் வந்தது. அரை மணித்தியாலம் ஆறியிருந்த அப்பாவின் பிளேன்டி வந்தது. தேநீர் அவருக்காக வாங்கப்பட்டதல்ல. இயந்திரம் ஆறுவதற்காக வாங்கப்பட்டது. அதைவிட, அந்தக் கடைக்கு அப்பால் ஓர் ஏற்றமும் இருக்கிறது, அங்கே நின்றுவிடக்கூடாது என்பதற்காகவே அவர் முன்கூட்டியே நிறுத்தினார். மாதச் சம்பளத்தில் தவணை கட்டிய ஒருவர், பழுதென்று தெரிந்த வண்டியில் தன் மகனை அமர்த்தி அழைத்துப்போகும் வெட்கத்தை, ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்து மறைத்திருக்கிறார். குறையை எங்கே காட்டினாலும் குறையில்லை என்று சொல்லப்பட்டால், மனிதர்கள் அதனோடு வாழப் பழகிக்கொள்கிறார்கள். பிள்ளைகள் அதைப் பழக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நானும் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். 2018 மார்ச்சில் நான் திகனவுக்குச் செய்தி சேகரிக்க வந்தவன். ஆனால் வந்தது ஊரடங்கு தளர்ந்து, பாதுகாப்புப் படையினர் சந்திதோறும் நின்று, கடைகளின் கரி கழுவப்பட்ட பின்னர். கேட்டவர்கள் எல்லோரும், “நாங்கள் ஒற்றுமையாகத்தான் வாழ்கிறோம்” என்றார்கள். அதனையே எழுதினேன். அவர்களும் பொய் சொல்லவில்லை. அவசரகால நிலை ஏறக்குறைய இரண்டு வாரங்களில் நீக்கப்பட்டது. எங்கள் நாட்டில் விசாரணைகள் பெரும்பாலும் ஆறிய இயந்திரத்தின்மேல்தான் நடக்கின்றன. 1983 க்குப் பிறகும் அப்படித்தான், 2018 க்குப் பிறகும் அப்படித்தான். ஓர் உதையில் ஸ்டார்ட் ஆகிறது, ஒரு குறையும் இல்லை என்று அறிக்கை எழுதிவிட்டு அடுத்த ஏற்றம்வரை போகிறோம்.

மறுவாரம் நானாவைப் பின்னால் அமர்த்திக்கொண்டு ஹுன்னஸ்கிரிய ஏற்றத்தில் ஏறினேன். பழைய தேநீர்க் கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக் கடை. வண்டி அதைக் கடந்தது. வழமையாக நிற்கும் வளைவையும் கடந்தது. இன்னும் மேலே, மிகக் கடுமையான ஏற்றத்தில், நானா என் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். எனக்கு நெஞ்சு பக்கென்றது. இயந்திரத்தை அணைக்க வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு இறங்கினார். குனிந்து மக்னெற்றோவின்மேல் புறங்கையை வைத்தார். சூட்டில் சட்டெனக் கையை எடுத்துக்கொண்டார். பிறகு காதைச் சாய்த்து நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இப்பதான் தம்பி நம்பலாம்” என்று சொல்லிவிட்டு மீண்டும் ஏறி அமர்ந்தார்.